நான் பழசான கதை

கல்லூரியில் நாலு வகுப்பு எடுப்பது சுலபம்; வருமான வரிப் படிவத்தில் ஒரு டிக் போட்டு அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். மாதச் சம்பளத்தில் பிடித்தத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைக்கும் தோழர்களே, கேளுங்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஆசிரியை. கூடவே பகுதிநேர ஆய்வு மாணவி.

யாருடைய சம்பளம்?

ஏப்ரலில், பழைய வரி முறையா புதியதா என்று கேட்டுப் படிவம் வந்தது. பாலிசி, வீட்டுக் கடன் என்று கழிவு காட்டுகிறவர்களுக்குப் பழைய முறை. எனக்கு இரண்டும் இல்லை. புதிய முறையில் என் சம்பளத்துக்கு வரியே வராது. அதில் டிக் போட்டு நீட்டினேன். கணக்குப் பிரிவு முருகேசண்ணன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சம்பளம் என்னுடையது, பான் எண் என்னுடையது, வேறென்ன வேண்டும் என்று கேட்டேன்.

“அதெல்லாஞ் சரிங்க மேடம், அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டீங்களா?”

பக்கத்து நாற்காலி

மெக்கானிக்கல் துறை சாருக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். அவரும் புதிய முறைக்கு மாறினால் லாபம் என்று காகிதத்தில் போட்டே காட்டினேன். சிரித்தார். தமாஷ் என்று நினைத்து நானும் சிரித்துத் தொலைத்தேன்.

“நமக்கெதுக்குங்க புதுசு? அது உங்களாட்டம் புதுசா சேர்ந்தவங்களுக்குத்தானே!”

மரியாதை

ஜூனில் என் வேலை நிரந்தரமானது. எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. அதில் வரி பிடித்திருந்தார்கள்! பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக் கட்டணம் கட்ட நம்பியிருந்த பணம். கடைசித் தேதிக்கு மூன்று நாள். கட்டாவிட்டால் பதிவு ரத்து.

அலுவலகத்துக்கு ஓடினேன். கோப்பில் என் டிக் அப்படியே இருந்தது. ஆனால் முருகேசண்ணன் தம் பட்டியலில் என்னைப் ‘புதுசு’ பக்கத்திலிருந்து ‘பழசு’ பக்கத்துக்கு மாற்றியிருந்தார். கத்தினேன். மனிதர் நிஜமாகவே புண்பட்டுப் போனார்.

“ஏனுங்க மேடம், பெர்மனன்ட் ஆனதுக்கப்புறமும் உங்களப் புதுசுலயே வெச்சிருந்தா மருவாதியா இருக்குமாங்க?”

ஒரு வார்த்தை

அடுத்த மாதத்திலிருந்து நிறுத்திவிடுவாராம். பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டுமாம். எனக்கோ மூன்று நாள். வேறு வழியில்லாமல் அப்பாவுக்குப் போன் போட்டேன். முழுக் கதையையும் கேட்டார். நான் முடிப்பதற்குள் பணம் வந்து விழுந்தது. கூடவே இதுவும்:

“ஏஞ்சாமி, டிக் போடறதுக்கு மின்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?”

ஆக, இருபத்தெட்டு வயதில், ரீஃபண்ட் வரும்வரை, நான் பழசு.