ரெஜினாவின் மேசையை நான் அடுக்கிவைத்த நாள்

இந்த வேலைக்குப் புதுசா வந்திருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு என் சாமர்த்தியத்தைச் சொல்லத்தான் ஆசை. ஆனா முதல்ல என் மடத்தனத்தைச் சொல்லிருதேன்.

தூத்துக்குடியில தொழில் கடன் ஆபீஸ்ல நான் ஃபீல்டு ஆபீசர். ரெஜினாவுக்குக் கண் பார்வை கிடையாது. கருவாட்டைச் சுத்தம் பண்ணி பாக்கெட் போட்டு விக்க, பேக்கிங் மெஷின் கேட்டு மனு போட்டிருந்தாங்க. பாக்கெட்டை மெஷின்ல ஒட்டி சீல் பண்ணிக் கொடுத்தா மாசாமாசம் எடுத்துக்கிடுதேன்னு திருச்செந்தூர் கடைக்கார அண்ணாச்சி ஒருத்தர் சொல்லியிருந்தார். மெஷின் வந்தாத்தான் அந்த வியாபாரம்.

அவங்க ஆபீசுக்கு வந்த முதல் நாளே நான் கூட வந்த தம்பியப் பாத்து, "இவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"மனு போட்டது நான் சார். இங்கன பாத்துக் கேளுங்க"ன்னாங்க ரெஜினா. அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மேனேஜருக்கு முன்னாடியே அவங்க வீட்டுக்குப் போயிட்டேன். ரெஜினா கை கழுவப் பின்பக்கம் போயிருந்தாங்க. மேசை மேல தராசு, கவர், மீன் பேர் அச்சடிச்ச ரெண்டு ஸ்டிக்கர் ரோல் எல்லாம் பரவிக் கிடந்துச்சு. பாவம், தட்டிவிட்ருவாங்களேன்னு மேசையத் துடைச்சு, எல்லாத்தையும் வரிசையா அடுக்கி வச்சேன். பெரிய தர்மவான்னு நெனப்பு.

மேனேஜர் வந்தார். ரெஜினா தொட்டுப் பாத்தே நெத்திலி எது, வாளை எதுன்னு மளமளன்னு பிரிச்சு, கவர்ல போட்டு, ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தாங்க. அவர் ஒண்ணை எடுத்துப் பாத்தார்.

"என்னம்மா, வாளைக்கு நெத்திலி ஸ்டிக்கர் ஒட்டிருக்கே!" எல்லா பாக்கெட்டும் அப்படியே மாறியிருந்துச்சு. என் பக்கம் திரும்பி, "பாவந்தான். ஆனா இது சரிப்படாதுவே. ரிஜெக்ட்னு எழுதும்"ன்னார்.

"வச்ச இடத்துல இருந்துதான் சார் எடுத்தேன்..." ரெஜினா ஸ்டிக்கர் ரோலைத் திரும்பத் திரும்பத் தடவினாங்க.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கருவாட்ட விரல் சொல்லிரும். ஸ்டிக்கர் ரெண்டும் ஒரே அளவு, ஒரே வழுவழுப்பு. எது எதுன்னு வச்ச இடந்தான் சொல்லணும். அந்த இடத்தத்தான் நான் மாத்திட்டேன். மேனேஜர் முன்னாடி மானம் போகுமேன்னு வாய் வரல. பேனாவ வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் மரமா நின்னேன். அப்புறந்தான், "மேசைய அடுக்கி இடம் மாத்துனது நான்தான் சார்"னு சொன்னேன்.

"உம்ம யாருவே அடுக்கச் சொன்னா?"ன்னு மேனேஜர் எகிறினார்.

ரெஜினா கோவப்படல. "இடப்பக்கம் நெத்திலி, வலப்பக்கம் வாளை. வச்சிருங்க சார்"ன்னாங்க. மறுபடியும் பத்து பாக்கெட் போட்டாங்க. ஒண்ணுகூடப் பிசகல. மேனேஜர் அங்கனயே கடன் கொடுக்கலாம்னு கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். "உதவி வேண்டாம்னு சொல்லமாட்டேன் சார். கேட்டுட்டுச் செய்யுங்க"ன்னு சிரிச்சாங்க.

அதேதான் நானும் உங்களுக்குச் சொல்லுதேன். மனு யாரோடதோ அவங்ககிட்டப் பேசுங்க. கேட்டுட்டுக் கை கொடுங்க. தப்புப் பண்ணிட்டா அந்த நொடியே ஒத்துக்கிடுங்க. நான் வாய மூடிக்கிட்டு நின்ன அந்த ஒரு நிமிஷமும், தப்பே பண்ணாத அந்தப் பொண்ணு தன் விரலையே சந்தேகப்பட்டுக்கிட்டு நின்னாங்க.