எல்லாரும் படிக்கலாம்

வண்டன்மேட்டு யோகப்பிரியாவுக்குக் கோபம் தலைக்கேறினால் குரல் தாழ்ந்துவிடும். அன்று அவள் பேசியது, பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவளுடைய சித்தி மூக்கம்மாளை யாக்கோபு முதலாளி வேலையை விட்டு விரட்டியிருந்தார். அவருடைய ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூட்டைக் கவனிப்பது மூக்கம்மாளின் பொறுப்பு. ஒரு லோடு காய் பச்சை போய்க் கருகிவிட்டது. தூங்கிவிட்டாள் என்று, தரம் பிரிக்கும் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டி வைத்துத் திட்டி அனுப்பியிருக்கிறார். அவளோ கண் கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

அந்தத் திரையும் கணினிப் பெட்டியும் எங்கள் கம்பெனி செய்தது. வயிற்றெரிச்சலே அதுதான். பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்தின் மையம் கெர்னல். உலர்த்தும் அறைக்குள் எவ்வளவு சூடு என்று அதற்குத் தெரியும். ஆனால் திரையை நடத்தும் நிரல் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. கெர்னலாக ஒரு வழி திறந்துவிட்டால்தான் உண்டு. எங்கள் ஆட்கள் திறக்கவில்லை. அதனால் எவ்வளவு சூடு வேண்டும் என்று அமைத்து வைக்கிறோமோ, திரை அதையே திருப்பிக் காட்டியது. காற்றாடி மக்கர் செய்து உள்ளே எல்லாம் வெந்தாலும், திரையில் அமைத்து வைத்த ஐம்பது டிகிரிதான். இதற்குப் பெயர் நவீன வசதியாம்!

அந்த வழியைத் திறந்துவிடலாம் என்று யோகப்பிரியா முன்பே சொன்னாள். "ஸ்டோர்காரங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று மேலாளர் அமர்நாத் சிரித்தார்.

இந்த முறை அவள் யாரையும் கேட்கவில்லை. கெர்னலுக்குள் ஒரு சின்ன நிரலைச் சேர்த்தாள். அது ஒரு கோப்பைக் காட்டும். உண்மையில் அப்படியொரு கோப்பு எங்கும் சேமிக்கப்பட்டிருக்காது. யாராவது திறந்தால், அந்த நொடியின் சூட்டைக் கெர்னல் எழுதிக் கொடுக்கும்.

அமர்நாத் பதறிப்போனார். "நம்ம கம்பெனி மட்டும் படிக்கிற மாதிரி அனுமதி வச்சிடும்மா."

"எல்லாரும் படிக்கலாம்னுதான் வச்சிருக்கேன் சார். என்னை வெளிய அனுப்பணும்னா அனுப்பிக்கங்க."

நேராக ஸ்டோருக்குப் போனோம். மூக்கம்மாளும் வந்து வாசலோரம் நின்றாள். பெட்டியில் நிரலை ஏற்றி, அடுப்பைப் பற்றவைத்துக் காத்திருந்தோம். திரையில் ஐம்பது. பெட்டியோடு இணைத்த மடிக்கணினியில் யோகப்பிரியா கோப்பைத் திறந்தாள்: 71000.

"எழுபத்தோராயிரமா?" யாக்கோபு மிரண்டார்.

"கெர்னலுக்குப் புள்ளி வச்சு எழுதுற பழக்கம் இல்ல மொதலாளி. ஆயிரத்தால வகுத்துக்கங்க. எழுபத்தோரு டிகிரி. ஒங்க காயைக் கருக்குனது எங்க கம்பெனி பெட்டி. எங்க சித்தி இல்ல."

முதலாளி தொண்டையைச் செருமினார். மூக்கம்மாளின் அருகே போய், எங்களுக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில், "சரி, நாளைக்கு வந்துரு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூக்கம்மாள் நகரவில்லை.

"போகச் சொன்னப்ப எல்லாரையும் கூட்டி வச்சுத்தான மொதலாளி சொன்னீக? வரச் சொல்றதையும் அப்பிடியே சொல்லுங்க."

யோகப்பிரியா போய், பெண்கள் காய் பிரிக்கும் அறையின் கதவைத் திறந்துவிட்டாள்.