நீலம் பூசிய ஜன்னல்கள்

அந்த வருஷம் மாசி பிறந்தும் சிங்காநல்லூரில் குளிர் விடவில்லை. என் வீட்டுக்காரர் விஷக்காய்ச்சலில் விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது, கால்கள்தான் நிற்கவில்லை. "குளிர் போகட்டும். நல்லா வெயில் அடிக்கிற அன்னிக்கு மெல்ல நடக்க உடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனி நடப்பாரா என்று எனக்கு இருந்த பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான வெயில் முகத்தில் விழுந்தது. எதிர் வேம்பில் தளிர் விட்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏனுங்க, மில்லுல கேட்டுப்போட்டு மத்தியானமே வந்துடறனுங்க. நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் எந்திரிக்கப்படாது."

"செரி அம்மிணி" என்றார், பரம சாது மாதிரி.

பஞ்சாலையில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் எனக்கு வேலை. அங்கே எல்லோரும் பெண்கள். வெயில் ஏறிக் காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஜன்னல்களை இறுகச் சாத்தி, கண்ணாடிக்கெல்லாம் நீலம் பூசி வைத்திருந்தார்கள். அப்படியும் அன்றைக்கு இழைகளை முடிந்து முடிந்து விரல் எரிந்தது. மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"இன்னைக்கு முடியாதம்மிணி. நூலு அந்துட்டே இருக்குதல்ல? நாளைக்குப் போயிக்கலாம்."

நல்ல மனிதர்தான். ஆனால் மனதுக்குள் அவரை வைததை இங்கே எழுத முடியாது. எந்த வெயிலுக்காகக் காத்திருந்தேனோ, அதே வெயில் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது.

எங்கள் ஜன்னல் ஒன்றில், யாரோ எப்போதோ கொண்டை ஊசியால் நீலத்தைச் சுரண்டி, எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் அதில் கண்ணை வைத்த பக்கத்து மிஷின்காரி என் தோளை உலுக்கினாள். "ஏனுங்க்கா, இங்க வாங்க. உங்கூட்டுக்காரராட்ட இருக்குதுங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவரேதான். ரோட்டோரமாக, மில்லின் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டி இடுப்பில் தொளதொளவென்று கிடந்தது. இந்த மனிதருக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கிறதா என்று கோபம் பொங்கியது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. வீட்டிலிருந்து அத்தனை தூரமும் தனியாக நடந்திருக்கிறார்!

கண்ணாடியைத் தட்டினேன். மிஷின் இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை. பின்னால் என் இழைகள் அறுந்தன. மிஷின்காரி என்னுடையதையும் சேர்த்து முடிந்தாள். மேஸ்திரி பார்த்தும் பார்க்காதவர்போல அந்தப் பக்கம் போனார்.

நான் எந்த ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் அத்தனையும் ஒரே நீலம். வேலியிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, முதல் ஜன்னலைப் பார்த்துச் சிரித்து ஆட்டினார். இரண்டடி நகர்ந்து அடுத்ததற்கு ஆட்டினார். அப்புறம் அதற்கும் அடுத்ததற்கு. என் ஜன்னலுக்கு நேராக வந்தபோது நானும் கையைத் தூக்கி ஆட்டினேன்.

அது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டடி நகர்ந்து, அடுத்த ஜன்னலுக்கும் அதே சிரிப்போடு கையை ஆட்டினார்.