யோகனின் ஒன்பது ஸ்லைடுகளோடு மெல்பர்னுக்கு

நான் மெல்பர்னுக்கு ஊர் பார்க்கப் போகவில்லை. பூங்கா, கடற்கரை பற்றியெல்லாம் இதில் தேடாதீர்கள். சிட்னியில் என்னோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து யோகன், சிறுநீரகம் கெட்டு இந்த ஜூனில் இறந்துபோனான். முப்பத்தொரு வயது. பிரீம் மீனின் குடலில் கிடைத்த ஒரு தட்டைப்புழுவை, யாரும் இதுவரை பெயர் வைக்காத புது இனம் என்று அவன் நம்பினான். முடிவுகட்ட ஒரே வழிதான். அதற்கு நெருங்கிய இனத்தின் மூல மாதிரி, அதாவது முதலில் விவரித்தவர் வைத்துவிட்டுப் போன அதே புழு, மெல்பர்னில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்க வேண்டும். 1976 ஆகஸ்டில் கிளம்பினேன்.

புது இனமானால் மனைவி ரஞ்சியின் பெயரை வைப்பதாக யோகன் சொல்லியிருந்தான். "மீன்குடல் புழுவுக்கோ என்ர பேர்? ஏன், உங்கட அம்மான்ர பேர் நல்லா இல்லையோ?" என்று அவர் கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் போன பிறகு, மகளோடு தன் தம்பி வீட்டுக்கு மெல்பர்ன் போய்விட்ட ரஞ்சி அக்கா, தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, அந்தப் பேர் வருமோ?"

சிட்னியிலிருந்து பகல் ரயில் காலை எட்டு மணிக்கு. தூரம் ஏறத்தாழ 960 கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரம். எனக்கு டிக்கெட் இருபத்தெட்டு டாலர். கோல்பர்ன் தாண்டினால் ஆட்டுக்கூட்டம், மேடு, மறுபடி ஆட்டுக்கூட்டம். ரயில் சாப்பாடு வேண்டாம், ரொட்டி கட்டிக்கொண்டு போங்கள். யோகனின் புழுக்களை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளின் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். எதிரில் இருந்த கிழவர் "உள்ளே என்ன, நகையா?" என்றார். "புழு" என்றேன். ஆல்பரி வரை அவர் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அருங்காட்சியகத்தின் பின்கட்டு. பொறுப்பாளர் நரைத்த தலை, பொறுமையான மனிதர். இரண்டு நுண்ணோக்கிகளை அருகருகே வைத்துக் கொடுத்தார். மூல மாதிரியின் உடல் நீளம், விந்தகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. யோகனின் எட்டு ஸ்லைடுகளிலும் உடல் குட்டை, விந்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அவன் புது இனம் என்றதற்கு முக்கியக் காரணமே அதுதான். சந்தோஷத்தில் எட்டையும் மறுபடி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.

பிறகு புழுக்களின் உடலுக்குள் இருந்த முட்டைகளை அளந்தேன். இரண்டிலும் ஒரே அளவு. உடல் சுருங்கலாம், முட்டையின் ஓடு சுருங்காது. ஒன்பதாவது ஸ்லைடை வைத்தேன். அதே இடத்தில் வேறொரு நாள் பிடித்த மீனிலிருந்து யோகன் தன் கையால் எடுத்தது. "வேறு இனம், பழையது" என்று பென்சிலால் எழுதி ஒதுக்கியிருந்தான். மூல மாதிரியை அச்சில் வார்த்தது போல இருந்தது. அதன் முட்டைகளும் அதே அளவுதான்.

பொறுப்பாளர் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "இந்த எட்டையும் கொதிக்கும் உப்புநீரில்தானே கொன்றீர்கள்?"

"இல்லை" என்றேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செத்த மீனில் புழு சில மணி நேரத்தில் கெட்டுவிடும், அதனால் சந்தை மீன் ஆகாது. தூண்டிலில் பிடித்து, அன்றே அறுத்து, உயிரோடு எடுக்க வேண்டும். உடனே கொதிநீரில் விட்டால் உடலை நீட்டி, தளர்ந்து சாகும். பிறகுதான் கெடாமல் வைக்கும் பார்மலின். குளிர்ந்த பார்மலினில் நேராகப் போட்டால் சுருண்டு குறுகும், உள்ளுறுப்புகள் நெருக்கிக்கொள்ளும். ஜனவரியில் ஒருநாள் யோகன் ரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போக வேண்டியிருந்தது. புழுக்களை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அடுப்பில் தண்ணீர் சூடாக நேரமெடுத்தது. நான் 5.10 ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. குளிர்ந்த பார்மலினை ஊற்றிவிட்டுப் போய்விட்டேன். அவ்வளவுதான்.

அந்த எட்டுப் புழுக்களைத்தான் அவன் ஐந்து மாதம் வரைந்தான்.

புதன்கிழமை ரஞ்சி அக்காவைப் பார்க்க, அவர் தம்பி வீடு இருக்கும் த பேசின் என்ற புறநகருக்குப் போனேன். பிளிண்டர்ஸ் தெரு நிலையத்திலிருந்து பொரோனியா வரை ரயிலில் ஒரு மணி நேரம், அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. கார் இருப்பவர்கள் காரில் போங்கள். மலையடிவாரம், நல்ல குளிர், கோட்டு அவசியம்.

"வாங்கோ தம்பி, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார். தேநீர் வந்தது. மகள் சமையலறைக்குள் பொம்மையோடு இருந்தாள். சுற்றி வளைக்க எனக்கு வராது. சொன்னேன்.

"அக்கா, அது புது இனம் இல்ல. பழையதுதான். நான்தான் தண்ணி கொதிக்கிற வரைக்கும் நிக்காம கெடுத்துட்டேன்."

அக்கா என் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, "அப்ப புழு தப்பிச்சிட்டுது, என்ர பேரிலயிருந்து" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அஞ்சு மாசம், தம்பி. வேலையால வந்தா மேசையில இருந்து அதைத்தான் கீறினவர். பிள்ளை கூப்பிட்டாலும், பொறு அம்மா, பொறு அம்மா எண்டுதான் சொன்னவர். அது எங்கட அஞ்சு மாசமல்லோ?"

எழுந்தேன். "அப்ப வர்றேன் அக்கா" என்றேன். யாழ்ப்பாணத்து வீடுகளில் எப்படிப்பட்ட கோபத்திலும் "போட்டு வாங்கோ", அதாவது போய்விட்டு வாருங்கள் என்றுதான் அனுப்புவார்கள். அவர் "போங்கோ" என்றார்.

என்னைப் போல மாதிரிகளை ஒப்பிடப் போகிறவர்களுக்கு: மூன்று வாரம் முன்பே கடிதம் எழுதுங்கள். ஸ்லைடுகளைப் படுக்கை வாட்டில் கொண்டுபோங்கள். ஒரு நாள் போதாது, இரண்டு நாள் வையுங்கள். எந்தப் புழுவை யார், எப்படிக் கொன்றார் என்பதை அந்த நிமிடமே லேபிளில் எழுதுங்கள். யோகனின் பெட்டியில் எட்டு லேபிள்களையும் மாற்றி, என் பெயரைச் சேர்த்துவிட்டேன்.

இன்னும் ஒன்று மிச்சம். நான் குளிர்ந்த பார்மலினை ஊற்றிய மறுநாள் காலையில் யோகன் குப்பியைத் தூக்கிப் பார்த்தான். "ஐசே, குட்டையாக் கிடக்கு. தண்ணி கொதிச்சதோ?" என்று கேட்டான். "ஆமா" என்றேன். இதை ரஞ்சி அக்காவிடம் சொல்ல அன்று என்னால் முடியவில்லை. இந்த இதழ் த பேசினுக்கும் தபாலில் போகிறது. அவர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.