எதிர் மேசையில் ஒரு பந்தாட்டக்காரி

இன்று மத்தியானம் பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில், ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் நானும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எதிர் மேசையில் ஒரு இளம்பெண் வந்து உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, ஊரில எவடம்?" என்றார் கடைக்கார அண்ணை, அவளையும் நம்மடை ஆளென்று நினைத்து.

அவள் விளங்காமல் சிரித்தாள். மகள்தான் பிரெஞ்சில் பேசிப் பார்த்தாள். ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிப் பெண்ணாம். சின்ன வயதிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, வேறு வேறு வீடுகளில் வளர்ந்தாளாம். பசியோடு பந்தடித்த நாட்களும் உண்டாம். இப்போது இங்கே ஒரு கால்பந்து கிளப்பில் விளையாடுகிறாள். தன் நாட்டு அணியிலும் இடம் கிடைத்துவிட்டது.

போன மாதம் கால்பந்தை விட்டுவிட்ட என் மகள் மெல்லக் கேட்டாள்: "நிறத்தைச் சொல்லிச் சிரித்தால் என்ன செய்வீங்கள்?"

"அழுவேன். அடுத்த நாளும் போவேன்."

ரயிலில் மகள் அதிசயமாகத் தமிழில் சொன்னாள்: "அம்மா, புதன்கிழமை நான் திரும்ப விளையாடப் போறன்."

காலில் போட்டு விளையாடும் பழைய சப்பாத்து அவளுக்குச் சின்னதாகிவிட்டது. நாங்கள் இருக்கும் சார்செல் பக்கம் முப்பத்தெட்டு சைஸ் எந்தக் கடையில் இருக்கும்? சீக்கிரம் சொல்லுங்கள், புதனுக்கு இரண்டே நாள்தான் இருக்கிறது.