டிஸ்சார்ஜ் என்று படித்துச் சொன்னேன்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு வரிசையில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். ரப்பர்க் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். காலில் இரும்பு விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருநாள் காலை அவர் மனைவி ஒரு கடிதத்தோடு வந்தார்.

"கிராணியாரே, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

வேலைக்குக் கிளம்பும் அவசரம். முதல் வரியில் 'டிஸ்சார்ஜ்' என்ற சொல் கண்ணில் பட்டது. எனக்கு மலேரியா வந்து குணமானபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த அதே சொல். மேற்கொண்டு படிக்கவில்லை.

"நல்ல சேதிதான் அக்கா. வீட்டுக்கு அனுப்பப் போறாங்க."

அவர் முகம் மலர்ந்தது. அன்றே வீட்டைக் கழுவிவிட்டார்.

பத்து நாள் கழித்து, அவர் கணவர் கம்பு ஊன்றி வீடு வந்த மறுநாளே பட்டறையில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து நின்றார். "பட்டறை குடுத்த வீட்ட இன்னும் காலி பண்ணலியா?"

அப்போதுதான் கடிதத்தை முழுதாகப் படித்தேன். அந்த 'டிஸ்சார்ஜ்' ஆஸ்பத்திரியிலிருந்து அல்ல; பட்டறை அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டுமானால் ஏழு நாளுக்குள் கேட்கலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றார் அக்கா.

"வேலைய விட்டு நீக்கிட்டாங்களாம். அவங்க சரியா எழுதல, அக்கா," என்றேன். நா கூசாமல் வந்தது அந்தப் பொய்.

மனு எழுதிக்கொண்டு பட்டறைக்கு இரண்டு முறை போனேன். கெடு முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். வேறு வேலையும் கிடைக்காமல் அவர்கள் ஊருக்கே கப்பலேறினார்கள். கிள்ளான் துறைமுகம்வரை போய் வழியனுப்பினேன். "எங்களுக்காக எவ்வளவு அலைஞ்சீங்க," என்று அக்கா கண் கலங்கினார். அங்கேயும் உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை.

ஒரு வருஷம் பொறுத்து, நடந்ததை அப்படியே எழுதி அக்காவின் கணவருக்குக் கடிதம் போட்டேன். யாரையோ கொண்டு எழுதிய பதில் வந்தது.

'ஏழு நாள் விஷயத்தை, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வந்த அன்றைக்கே மண்டோர் என்னிடம் சொல்லிவிட்டார். நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று அப்போதே புரிந்தது. அவளிடம் சொல்லவில்லை. உங்களைத் தம்பி மாதிரி நினைக்கிறாள். நீங்களும் சொல்ல வேண்டாம்.'

அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.