மேஜர் இழுக்கவில்லை

என் கூடப்பிறந்த அண்ணன் சிவதாணுவைப் பற்றி யாராவது நல்லபடியாகப் பேசினால் எனக்கு வயிறு எரியும். பத்மநாபசாமி கோயிலுக்குப் பக்கத்தில், சாலைக் கடைத்தெருவில் கயிற்றுக் கடை வைத்திருந்தான். பெரிய மனுஷன், கோயில் காரியத்துக்கு அள்ளிக் கொடுப்பான், எல்லாம் சரிதான். என் வீட்டுக்காரர் பகவதிப்பெருமாளுக்கு அவன் செய்ததை நான் அல்லவா கூட இருந்து பார்த்தேன்?

இவர் அண்ணன் கடையில்தான் வேலை பார்த்தார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். எங்கள் வீட்டில் பேச்செல்லாம் என் குத்தகை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருத்தர் சீமைக்குக் கிளம்பினார். அவர் சாமான் கட்ட எங்கள் கடைக் கயிறு போனது. கயிறு கொண்டுபோன வண்டியில் ஒரு நாய் திரும்பி வந்தது. துரை விட்டுவிட்டுப் போகிறார், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பங்களா பட்லர் ஏற்றிவிட்டானாம். கறுப்பு நிறம், கன்றுக்குட்டி உயரம், பெயர் மேஜர். இறங்கியதும் பிடித்திருந்த ஆளைத் தரதரவென்று இழுத்துப் பக்கத்துக் கடை மல்லி மூட்டையில் தள்ளியது. மறுநாள் அண்ணனையே வேட்டி அவிழ இழுத்துக்கொண்டு ஓடியது. நான் சிரித்த சிரிப்பு கிழக்கேகோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

அண்ணனுக்கு மானம் போய்விட்டது. "முனிசிபாலிட்டிக்காரனுக்குச் சொல்லி விடு. கொண்டுபோய்க் கொல்லட்டும்" என்று கத்தினான்.

அன்றைக்குத்தான் இவர் முதல்முதலாக அவனிடம் வாய் திறந்து ஒன்று கேட்டார். "அத்தான், அத எனக்குத் தந்திருங்க. நான் வளக்கேன்."

"வளத்து? நாளைக்கு யாரையாவது தள்ளிப் போட்டா என் கடைக்கில்லா கெட்ட பேரு? இழுக்காம நடக்கப் பழக்கிக் காட்டும் மாப்பிள்ளே. அப்புறம் அது உம்ம நாய். நான் ஏன்னு கேக்க மாட்டேன்." பத்மநாபசாமி கோபுரம் இருந்த திசையில் கையை நீட்டி, "சாமி சாட்சி" என்று வேறு சொன்னான். பாவி, சாமியை யார் கேட்டார்கள்?

இவர் பழக்கிய விதத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. கழுத்தை அறுக்கும் என்று தேங்காய் நார்க் கயிற்றைத் தொடவே இல்லை. மெத்தென்ற நூல் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டார். கயிறு தொய்ந்து கிடந்தால் நடப்பார். மேஜர் இழுத்து, கயிறு விறைத்ததோ, அப்படியே மரம் மாதிரி நின்றுவிடுவார். திருப்பி இழுக்கவும் மாட்டார். அது சலித்துப்போய்த் திரும்பி ஓர் எட்டு பின்னால் வரும். கயிறு தொய்யும். உடனே "மெல்ல, மக்கா" என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு எடுத்துத் தன் முழங்கால் பக்கத்தில் வைத்தே கொடுப்பார். மறுபடி நடை.

நட்டநடுச் சாலையில், பின்னால் அரிசி வண்டிகள் வரிசை கட்டி நிற்க, இவர் நாயைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். "அண்ணாச்சி, பட்டி உங்களக் கட்டிப்போட்டிருக்கா?" என்று, நாயை மலையாளத்தில் சொல்லி, வண்டிக்காரர்கள் கேலி பேசுவார்கள். இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நான்தான் தினமும் கருவாட்டு நாற்றம் அடிக்கிற வேட்டியை அடித்துத் துவைத்து, "நாயக் கட்டிக்கிட்டு நீங்க அழுங்க, உங்களக் கட்டிக்கிட்டு நான் அழுகேன்" என்று புலம்புவேன்.

மழைக்காலம் முடிவதற்குள் மேஜர் இவர் முழங்காலை ஒட்டி நடந்தது. பூனை குறுக்கே ஓடினாலும் கயிறு தொய்ந்தே கிடக்கும். இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. எனக்கே பொறாமையாக இருந்தது, சத்தியமாக.

அப்போதுதான் தோவாளைப் பக்கம் இவருடைய ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. குலசாமி கொடைக்குப் போகாமல் இருக்க முடியுமா? நாயைக் கொண்டுபோனால் சாமியாடும் இடத்தில் மேளச் சத்தத்துக்கு மிரண்டுவிடும். அண்ணன் தானாகவே வந்து, "நான் பாத்துக்கிடுதேன் மாப்பிள்ளே. எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித் தாரும்" என்றான். குனிந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுக்காதவன், இவர் கூடவே நடந்து நடந்து படித்தான். எங்கே நிற்பது, எப்போது கருவாடு கொடுப்பது, எந்தக் குரலில் "மெல்ல" சொல்வது, எல்லாவற்றையும் இவர் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். நாய் நம்மைத் தேடி ஏங்கக் கூடாதே என்ற ஒரே கவலை இவருக்கு.

கொடை முடிந்து தம்பானூரில் பஸ் இறங்கினோம். சாமிக்குப் பூசை வைத்த கறுப்புக் கயிறு ஒன்று இவர் சட்டைப் பையில் இருந்தது, மேஜர் கழுத்தில் கட்ட. கடை வாசலில் நாய் இல்லை.

"கவடியார்ல எஸ்டேட் முதலாளிக்குக் கொடுத்துட்டேன்" என்றான் அண்ணன், வெற்றிலையை மடித்துக்கொண்டே. "நம்ம கிட்ட மொத்தமா கயிறு எடுக்கப் போறாரு. நல்ல நாயா ஒண்ணு வேணும்னாரு, தட்ட முடியுமா?"

"உம்ம நாய்னு சொன்னியே, அண்ணே! கோபுரத்தப் பாத்துல்லா சொன்ன!" என்று நான் கத்தினேன்.

"ஒரு நாய்க்குப் போயி இந்தப் பாடா? கடைக்கு வந்த நாய்தானே. நீ உள்ள போ."

இவர் பையில் இருந்த கறுப்புக் கயிற்றை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு அந்த வெற்றிலைத் தட்டைத் தூக்கி அவன் மூஞ்சியில் எறிய வேண்டும் போல இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கவடியாருக்குப் புறப்பட்டார். தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பங்களா கேட்டுக்கு வெளியே முதலாளியே மேஜரைப் பிடித்துக்கொண்டு உலாவிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் மேஜர் பாய்ந்தது. கயிறு விறைத்தது. இழு, இழு மேஜர், அந்த ஆளைக் குப்புறத் தள்ளு என்று வாய்க்குள் சொன்னேன்.

முதலாளி திருப்பி இழுக்கவில்லை. மரம் மாதிரி நின்றார். "மெல்ல, மக்கா" என்றார். மேஜர் இவரைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, ஓர் எட்டுப் பின்னால் போனது. கயிறு தொய்ந்தது.

"கண்டோ! சிவதாணுப் பிள்ள ஸ்வந்தம் கையால படிப்பிச்ச பட்டி. எந்தொரு அனுசரண!" என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். பழக்கியவன் என்ற பெயரையும் சேர்த்தே அண்ணன் விற்றிருக்கிறான்.

நான் வாயைத் திறக்கப் போனேன். இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "ஆமா, நல்லா பழக்கியிருக்காரு" என்றார். முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, குனிந்து, கறுப்புக் கயிற்றை மேஜர் கழுத்தில் கட்டினார். அது இவர் மடியை முகர்ந்தது. அன்றைக்கும் கருவாடு கொண்டுபோயிருந்தார். முதலாளி "வா" என்றதும் மேஜர் அவர் முழங்காலை ஒட்டி நடந்து, கேட்டுக்குள் போனது.

வீடு வந்ததும் சோறு போட்டேன், பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அத்தான் செஞ்சத விடு முத்து. மனுஷன்னா அப்படித்தான்" என்றார். சோற்றை இன்னொரு தடவை பிசைந்து, "போறப்ப அது ஒரு தடவையாவது இழுத்திருக்கலாம்" என்றார்.

நீங்கள்தானே இழுக்காமல் பழக்கினீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கே தெரியும்.